ஈரத்துக்கு ஒருத்தி, வெயிலுக்கு ஒருத்தி

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

போன்ல பேசினா சண்டையிலதான் முடியுது, இனிமே எழுதுன்னு சொன்னீங்க. எழுதறேன். காகிதத்துல நான் குறுக்கே பேச முடியாது, நீங்களும் பாதியில டக்குனு வைக்க முடியாது.

நமக்கு வீடு பார்க்க கடலோர ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகப்போகுது. பஸ்ஸை விட்டு இறங்கினப்போ ஊரையே காணோம். அவ்வளவு மூட்டம். என் கையில இருந்த பையே மங்கலாத்தான் தெரிஞ்சுது. எங்கேயோ மணி அடிக்குது, எங்கேயோ யாரோ இரும்பைத் தட்டறாங்க, சத்தம் இருக்கு, ஆள் இல்லை. நான் முழிக்கிறதைப் பார்த்துட்டு கண்டக்டர், "உக்காருங்கம்மா, ஊரு இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும்"னார். உக்காந்தேன். சொன்ன மாதிரியே வந்துச்சு. முதல்ல ஒரு கூரை. அப்புறம் ஒரு கொடிக்கயிறு, அதுல ஒரு சட்டை. அப்புறம் தெரு, படகுங்க, கடைசியா மொத்தக் கடலும். தூங்கி எழுந்த ஆள் ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்திக்கிற மாதிரி.

நான் தங்கியிருக்கிறது படகு எஞ்சின் ரிப்பேர் பண்ற ஷெட்டுக்கு மேல. ரெண்டு ரூம், ஒரு சமையல் மேடை, துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல். வாடகை இப்ப நாம கொடுக்கிறதுல பாதிகூட இல்லை. வீட்டுக்காரங்க கீழேயே வலை விக்கிறாங்க.

"யாருக்கும்மா வீடு?"ன்னு கேட்டாங்க.

"எனக்கும் எங்க அண்ணிக்கும்."

"அண்ணன்?"

"இல்லை. மூணு வருஷம் ஆச்சு."

அதுக்கப்புறம் அவங்க வாடகைப் பேச்சை எடுக்கலை. டீ போட்டுக் கொடுத்தாங்க.

இங்கே குளிரும் இல்லை, வெயிலும் இல்லை அண்ணி. வருஷம் முழுக்க இப்படித்தானாம். ஃபேன் வாங்க வேண்டாம், ஸ்வெட்டர் வாங்க வேண்டாம். காலையில ஆறேழு பொம்பளைங்க கடல்ல நீந்தப் போறாங்க. ஒருத்தர் பேங்க்ல வேலை, ஒருத்தர் ஐஸ் ஃபேக்டரியில கணக்கு எழுதறவங்க. என்னையும் சேர்த்துக்கிட்டாங்க. இருபது வருஷம் முனிசிபல் நீச்சல் குளத்துல குளோரினைக் குடிச்சுக் குடிச்சு பசங்களுக்குக் கத்துக்கொடுத்தேனே, அந்த இருமல் இங்கே ரெண்டாம் நாளே நின்னு போச்சு. தண்ணியில மல்லாந்து படுத்தா காதுக்குள்ள கடல் மட்டும்தான்.

கதவுதான் கொஞ்சம் உப்பி மூட மாட்டேங்குது. துணி காய மூணு நாள் ஆகுது. ஆனா சாயங்காலம் தண்ணி மேல நிலா விழுந்தா, ஜன்னலை விட்டு நகர மனசு வராது.

வாங்களேன். பாருங்களேன்.

தவளை


பிப்ரவரி 15

தவளைக்கு,

உங்க அண்ணன் வச்ச பேரு இப்பதான் உனக்குப் பொருந்துது. கடிதத்தைத் தொட்டப்பவே சொதசொதன்னு இருந்துச்சு.

கதவு மூட மாட்டேங்குதுன்னு ஒரு வரி, அடுத்த வரியிலேயே நிலா. எனக்கு நிலா கண்ணுல படலை, கதவுதான் பட்டுச்சு. முப்பது வருஷம் லென்ஸ் தேய்ச்சவளுக்குக் காது குத்தப் பார்க்கறியா? மூணு நாள் காயாத துணி இருக்கிற ஊர்ல என் முட்டி என்ன ஆகும்னு யோசிச்சியா? இங்கே ஒரு மழைக்கே மாடிப்படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறறேன். நேத்து பாதியில நின்னுட்டேன். கீழ்வீட்டு டைப்பிஸ்ட் வந்து பையை வாங்கிக்கிட்டா.

இங்கே நிலைமை உனக்குத் தெரியணும். வீட்டுக்காரர் எல்லாருக்கும் சொல்லிட்டார். ஜூன் முடிஞ்சதும் கட்டடத்தை இடிக்கிறாங்க. பக்கத்துத் தெருவுல ஒரு ரூம் கேட்டேன், வாடகையைச் சொல்லிட்டு அந்த ஆள் தானே வெட்கப்பட்டார். இந்த நகரத்துல இனி நமக்கு இடம் இல்லை. கடையிலயும் வேலை குறைஞ்சு போச்சு. லென்ஸெல்லாம் மெஷின்ல தேய்ச்சு டப்பாவுல வந்து இறங்குது. முதலாளி நல்ல மனுஷன், அதனால வாயைத் திறக்கலை. நானே புரிஞ்சுக்கிட்டேன்.

அந்த முதலாளி ஒரு மலை ஊரைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறார். காத்து நல்லாயிருக்குமாம், வாடகையும் கம்மியாம். போய்ப் பாரு.

வீட்ல ரொம்ப அமைதியா இருக்கு. ஜன்னலைத் திறன்னு சொல்லவும் ஆள் இல்லை, மூடுன்னு சொல்லவும் ஆள் இல்லை. ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு.

அண்ணி


மார்ச் 4

அண்ணிக்கு,

மலை ஊருக்கு வந்துட்டேன். உங்க முதலாளி பொய் சொல்லலை. பாதிதான் சொல்லியிருக்கார்.

காலையில ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ளே வருது. சும்மா அழகுக்காகச் சொல்லலை. நிஜமாவே வந்து, மேஜையைச் சுத்தி, கட்டில் கிட்ட நின்னு, எதிர் ஜன்னல் வழியா வெளியே போகுது. விலாசம் தப்பா வந்த விருந்தாளி மாதிரி. அது போன பிறகு தலையணை ஈரமா இருக்கும். ஊர்ல யாரும் சத்தமா பேசறதில்லை. மூச்சு மிச்சம் பிடிக்கிறாங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. எங்கே போகணும்னாலும் ஏறணும். ஏறி முடிச்சா இறங்கணும். ரொட்டிக்கடை கீழே, பால்கடை மேலே. டீ போடணும்னா மலையேற்றம்.

வீட்டுக்காரர் போஸ்ட் மாஸ்டரா இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷன். வாடகை சொன்னார், எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, அவ்வளவு கம்மி. "ஒரே ஒரு விஷயம்மா, சீசன்ல மட்டும் காலி பண்ணிக் கொடுத்துடணும்"னார்.

"சீசன்னா எப்போ?"

"வெயில் அடிக்கிற மாசமெல்லாம்."

அதாவது, இந்த ஊர்ல மனுஷங்க இருக்கக்கூடிய மாசத்துல நாம இருக்கக்கூடாது. மத்த மாசத்துல தாராளமா இருக்கலாம்.

கோட்டு போட்டுக்கிட்டேதான் தூங்கறேன். விரல் விறைச்சு எழுத்து கோணுது பாருங்க. ஆனா அண்ணி, நேத்து மதியம் திடீர்னு மேகம் விலகி, எதிர் மலையில ஒரு வீடு தெரிஞ்சுது. அந்த வீட்டு வாசல்ல ஒரு அம்மா போர்வையை உதறிக்கிட்டிருந்தாங்க. உதறின சத்தம் கொஞ்சம் பொறுத்துதான் எனக்கு வந்து சேர்ந்துச்சு. அதுக்குள்ள அவங்களை மேகம் மூடிடுச்சு. அந்தச் சத்தம் மட்டும் யாருமில்லாம வந்து என் காதுல விழுந்துச்சு. இதை யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு. உங்களைத் தவிர யாரும் ஞாபகம் வரலை.

ஒரு கேள்வி. நானே ஊர் ஊராச் சுத்தி எனக்குப் பிடிச்சதை எழுதறேன். உங்களுக்கு என்ன வேணும்? மழை வேண்டாம், படி வேண்டாம்கறது தெரியும். வேண்டியது என்ன?

தவளை


மார்ச் 13

தவளைக்கு,

மலையை விட்டுக் கீழே இறங்கு. இருமல் திரும்பி வந்துடப்போகுது.

நீ கேட்ட கேள்விக்கு வாரம் பூரா யோசிச்சேன். கடையில தேய்க்கிற கல்லு முன்னாடி உக்காந்துக்கிட்டே யோசிச்சேன். உன்னை விட்டா இதை என்கிட்ட கேட்டது ஒரே ஒருத்தர்தான். கல்யாணம் ஆன புதுசுல உங்க அண்ணன் ஒரு தடவை, "உனக்கு எந்த ஊர் பிடிக்கும்?"னு கேட்டார். "நீங்க இருக்கிற ஊர்"னு சொல்லிட்டேன். அப்ப அது நல்ல பதிலா இருந்துச்சு.

இப்ப சொல்றேன். காய்ஞ்ச தரை வேணும். காலையில செருப்பில்லாம நடந்தா உள்ளங்காலுக்குச் சில்லுனு இருக்கக்கூடாது. மதியம் தூங்கணும். முப்பது வருஷத்துல நான் மதியம் தூங்கினது காய்ச்சல் வந்தப்போ மட்டும்தான். அப்புறம், தூரமாப் பார்க்கணும். என் வேலை பூரா ஒரு முழ தூரத்துக்குள்ளேயே. வீட்டுக்கு வந்தா ஜன்னலுக்கு எதிர்ல எதிர்வீட்டுச் சுவர். ஊருக்கே தூரப்பார்வைக்குக் கண்ணாடி செஞ்சு கொடுத்தவ, ஒரு நாளாவது கண்ணுக்கு எட்டின வரைக்கும் பார்த்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும்.

இது பெரிய ஆசையா தெரியலை. ஆனா எந்த ஊர்ல இதெல்லாம் சேர்ந்து கிடைக்கும்?

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

கிடைச்சிடுச்சு.

ரயில்ல ராத்திரி பூரா வந்தா, விடியும்போது ரெண்டு பக்கமும் சமவெளி. மரம்கூட ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டுக்கிட்ட மாதிரி தள்ளித் தள்ளி நிக்குது. முன்னாடி இங்கே ரயில் பெட்டி பழுது பார்க்கிற பெரிய ஒர்க்‌ஷாப் இருந்துச்சாம். அதை மூடினதும் பாதி ஊர் காலி. அகல அகலமான தெரு, கெட்டிச் சுவர் வச்ச வீடுங்க, ஆளில்லாம. அதனால வாடகை கடலோர ஊரைவிடக் கம்மி. நான் பார்த்த வீட்ல ஒரு படிகூட இல்லை. உயரமான கூரை, சிமெண்ட் தரை. தரை எப்பவும் காய்ஞ்சு வெதுவெதுன்னு இருக்கும். உங்க முட்டி சந்தோஷப்படும்.

மதியம் இந்த ஊரே தூங்குது. கடையெல்லாம் சாத்திடறாங்க, நாய்கூட குரைக்காது. யாராவது பேசினா பாவம்ங்கற மாதிரி அவ்வளவு அமைதி. நீங்க தூங்காம இருந்தாத்தான் தப்பா நினைப்பாங்க. வெயில் சாய்ஞ்சதும் எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்து தெருவுல போட்டு உக்காந்துடறாங்க. எதிர்ல ஒண்ணுமே இல்லை அண்ணி. வானம் தரையைத் தொடற வரைக்கும் தெரியுது. ரயில் வர்றது முதல்ல புள்ளியா தெரியும். ஒரு டீ குடிச்சு முடிச்ச பிறகுதான் சத்தம் கேக்கும்.

இன்னொரு விஷயம். இங்கே யார் மூக்கைப் பார்த்தாலும் ஒட்டுப் போட்ட கண்ணாடி. கேட்டா, லென்ஸ் வெளியூர்லேருந்து வரணுமாம், மாசக்கணக்காகுமாம். கடைத்தெருவுல ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கு. அங்கே உங்களைப் பத்தி பேச்சுவாக்குல சொன்னேன். கடைக்காரர் எழுந்தே நின்னுட்டார். "தேய்க்கத் தெரிஞ்சவங்களா? உடனே வரச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வேலை பார்த்தாப் போதும்"கறார்.

இங்கே ஒரு நீச்சல் குளமும் இருக்கு, ஒர்க்‌ஷாப் காலத்துது. தண்ணி இல்லை.

வீட்டுக்காரர்கிட்ட பேசி வச்சிருக்கேன். உங்க பதில் வந்ததும் முடிச்சிடலாம்.

தவளை


ஏப்ரல் 11

தவளைக்கு,

உன் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துல வச்சு ரெண்டு தடவை படிச்சேன். என் முட்டி இருக்கு, என் தூக்கம் இருக்கு, என் வேலை இருக்கு. நீ எங்கே இருக்கே?

கடலைப் பத்தி எழுதினப்போ உன் இருமல், உன் காது, உன் சிநேகிதிங்க எல்லாம் வந்துச்சு. மலையில உன் விரல் விறைச்சுது. இந்தக் கடிதத்துல உனக்குப் பசிக்கக்கூட இல்லை. குளத்துல தண்ணி இல்லைன்னு ஒரு வரி. அதோட புள்ளி வச்சு நிறுத்திட்டே. நீ அப்படி நிறுத்தற ஆள் கிடையாது.

இன்னும் எதையும் முடிக்காதே. முதலாளிகிட்ட ரெண்டு நாள் லீவு சொல்லியிருக்கேன். இருபத்தாறாம் தேதி காலை ரயில்ல வந்து இறங்கறேன்.

அண்ணி


மே 1

தவளைக்கு,

உன்கிட்ட சொல்லாம ஊருக்குத் திரும்பி வந்துட்டதுக்கு நீ கோபமா இருப்பே. இரு.

ஸ்டேஷன்ல எனக்கு உன்னைச் சட்டுனு அடையாளமே தெரியலை. உதடு வெடிச்சு, கன்னமெல்லாம் வெள்ளை பூத்து, மூக்குல ரத்தம் வந்து காய்ஞ்ச கர்சீப்பைப் பைக்குள்ள திணிக்கிறே. "என்னாச்சு?"ன்னா, "தூசி"ங்கறே. சரின்னு விட்டேன். வீடு நீ சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. அதைவிட நல்லாவே இருந்துச்சு. அந்த மதியம் நான் தூங்கினேன். எழுந்தப்போ எங்கே இருக்கேன், என் வயசு என்னன்னே தெரியலை. சுவர்ல வெயில் ஒரு ஓரமா நகர்ந்துக்கிட்டிருந்துச்சு, அதையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். இப்படி ஒரு சுகம் இருக்கா உலகத்துலன்னு நினைச்சேன்.

அப்பதான் வீட்டுக்காரர் தண்ணிக்குழாயைக் காட்ட வந்தார். நீ கடைக்குப் போயிருந்தே. "நீங்க ஒருத்தர்தானேம்மா, ஒத்தை ஆளுக்கு இந்தத் தண்ணி தாராளம்"னார்.

"ரெண்டு பேரு"ன்னேன்.

"இல்லையேம்மா. அண்ணி மட்டும்தான் இருப்பாங்க, நான் கடல் பக்கம் போயிடுவேன்னு உங்க நாத்தனார்தானே சொன்னாங்க?"

நீ கடையிலேருந்து வர்றவரைக்கும் அந்தக் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்தேன். உன்கிட்ட கேக்கலை. கேட்டா அந்தத் தெருவே கூடியிருக்கும். மறுநாள் நீ முழிக்கிறதுக்குள்ள ஸ்டேஷனுக்கு நடந்துட்டேன்.

இப்ப எழுத்துல கேக்கறேன். இவ்வளவு ஊர் அலைஞ்சது இதுக்குத்தானா? என்னை ஒரு நல்ல இடமாப் பார்த்துக் கொண்டுபோய் வச்சிட்டு, கடமை முடிஞ்சதுன்னு நீ போய் நீந்தறதுக்கா? வேண்டாதவளா ஆயிட்டேன்னா நேரா சொல்லியிருக்கலாம். அதுக்கு ஊர் ஊரா மேகத்தையும் நிலாவையும் வர்ணிச்சு எழுதியிருக்க வேண்டாம்.

அண்ணி


மே 9

அண்ணிக்கு,

நீங்க கிளம்பின அன்னைக்குக் காலையில, ரொட்டி வாங்கப் போயிருப்பீங்கன்னு நினைச்சு அடுப்புல ரெண்டு பேருக்கும் டீ வச்சேன். வத்திப் போற வரைக்கும் வச்சுக்கிட்டிருந்தேன்.

நீங்க எழுதினதைப் படிச்சதும் முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் ஒண்ணு புரிஞ்சுது. ஜனவரியில நான் கிளம்பறப்போ பஸ் ஸ்டாண்டுல என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இல்லை. "உங்க அண்ணன் இருந்தவரைக்கும் சரி. இனிமே நீ என்னைச் சுமக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. உன் வழியைப் பார்த்துக்கோ"ன்னீங்க. பஸ் கிளம்பிடுச்சு. வழி பூரா அதையே மென்னுக்கிட்டு வந்தேன். அண்ணிக்குத் தனியா இருக்கணும்னு ஆசை போல, என் முகத்துக்கு நேரா சொல்ல முடியாம இப்படிச் சொல்றாங்கன்னு தோணுச்சு. அதனாலதான் போன்ல சண்டை. அதனாலதான் நீங்க எழுதச் சொன்னதும் மறுபேச்சு பேசாம ஒத்துக்கிட்டேன்.

மொத ரெண்டு ஊர்லயும், நீங்க வந்துட மாட்டீங்களான்னு ஒரு நப்பாசை இருந்துச்சு. சமவெளிக்கு வந்ததும் அது போயிடுச்சு. இது உங்க ஊர். எடுத்து உங்க கையில கொடுக்கணும்னு தோணுச்சு. எனக்கு இங்கே மூச்சு முட்டுது அண்ணி. தோல் உரியுது, இருமல் திரும்பிடுச்சு. தினமும் வெயில் தாழ்ந்ததும் அந்தக் காலிக் குளத்துக்குப் போவேன். படிக்கட்டுல இறங்கி, ஆழமான பக்கத்துல தரையில மல்லாந்து படுத்துக்குவேன். மேலே நீலமா வானம் நாலு ஓரத்தோட தெரியும். கண்ணை லேசா மூடினா தண்ணிக்கு அடியில கிடக்கிற மாதிரியே இருக்கும். காத்துல ஒரு காகிதம் மேலே பறந்து போனா, யாரோ என் தலைக்கு மேல நீந்திப் போறாங்கன்னு நினைச்சுக்குவேன். அப்புறம் தூசி மூக்குல ஏறி எழுந்து வந்துடுவேன்.

உங்களைத் தள்ளிவிட நினைக்கலை. நீங்க கேட்டீங்கன்னு நினைச்சதைத்தான் கொடுத்தேன். இதுல எது தப்புன்னு எனக்குத் தெரியலை. நீங்களே சொல்லுங்க.

தவளை


மே 18

தவளைக்கு,

நான் சொன்னது ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு வார்த்தையும் சரியாத்தான் எழுதியிருக்கே. நீ எடுத்துக்கிட்டதுதான் தப்பு.

உனக்கு அம்பத்தி நாலு வயசு. உன் வாழ்க்கையில பாதி எங்க வீட்டு நடு ரூம்ல போச்சு. அண்ணன் உடம்பு முடியாம இருந்தப்போ வேலை முடிஞ்சு ஓடி ஓடி வந்தே. அவர் போனதும் எனக்காக இருந்தே. கிளம்பறப்போ உன் கையில ஒரே ஒரு பை. அதைப் பார்த்ததும், இவளுக்குன்னு இவ எப்பதான் எதையாவது பார்த்துக்குவாளோன்னு தோணுச்சு. அதைத்தான் சொன்னேன். அன்பா சொல்ற விஷயத்தைக்கூட அதட்டித்தான் சொல்ல வருது எனக்கு. உங்க அண்ணன் இருந்திருந்தா பக்கத்துல நின்னு உனக்கு அர்த்தம் சொல்லியிருப்பார். அவர்தான் நமக்கு நடுவுல மொழிபெயர்ப்பாளர்.

தனியா இருக்க ஆசைப்பட்டவ, அந்த மதியம் தூங்கி எழுந்ததும் உன்னைக் கூப்பிட்டிருப்பேனா? நீ இல்லைன்னு தெரியாம, எழுந்ததும் "இங்கே வந்து பாரு, சுவர்ல வெயிலை"ன்னு உன்னைத்தான் கூப்பிட்டேன். நீ கடைக்குப் போயிருந்தே. வந்தது வீட்டுக்காரர்.

சரி, இனி அழுகாச்சி போதும். ரெண்டு நாளா வேலையே ஓடலை, யோசனைதான். ரெண்டு பேரும் கடலுக்குப் போனா நான் முடங்கிடுவேன். ரெண்டு பேரும் சமவெளிக்குப் போனா நீ கருவாடா ஆயிடுவே. நடுவுல ஒரு ஊர் பார்த்தா ரெண்டு பேரும் சமமா கஷ்டப்படலாம். அது எதுக்கு? அந்த ரெண்டு வீட்டு வாடகையையும் சேர்த்தாலும் இந்த மூணாவது மாடிக்குக் கொடுக்கிறதைத் தொடாது. ரெண்டையும் எடுப்போம்.

ஜூலைலேருந்து செப்டம்பர் வரைக்கும் அங்கே கோடையாம், சமவெளி கொதிக்கும். மதியத் தூக்கம் பிடிச்ச எனக்கே அது தாங்காது. அந்த மாசங்கள்ல உன் கடலுக்கு வர்றேன். கோடையில அங்கே துணி காயும்தானே? வலைக்காரம்மாகிட்ட கேட்டு எழுது. குளிர்காலத்துல கடல் கொந்தளிச்சு நீ கரையில உக்காந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே. அப்ப நீ என் வெயிலுக்கு வா. கொஞ்ச நாள் இருந்தா உன் தோல் ஒண்ணும் உரிஞ்சிடாது, எண்ணெய் தடவிக்கோ. மிச்ச மாசம் அவங்கவங்க ஊர்ல, அவங்கவங்க இஷ்டப்படி ஜன்னலைத் திறந்தோ மூடியோ இருப்போம்.

மாட்டேன்னா சொல்லிடு. சரின்னா இன்னைக்கே கடலுக்கு ரயில் ஏறு.

அண்ணி


ஜூன் 3

அண்ணிக்கு,

ஏறிட்டேன், வந்தும் சேர்ந்துட்டேன்.

கோடையில துணி ஒரே மதியத்துல காய்ஞ்சிடுமாம். கேட்டுட்டேன். கீழே எஞ்சின் மெக்கானிக் கதவை இழைச்சுக் கொடுத்துட்டார், இப்ப ஒரு விரலால தள்ளினா மூடுது. மாடி ஏற உங்களுக்குக் கஷ்டம்னு சொன்னேன். வலைக்காரம்மா கீழே பக்கவாட்டு ரூம்ல இருந்த வலையெல்லாம் எடுத்து ஒதுக்கிட்டாங்க. "உங்க அண்ணி வந்தா இதுல படுக்கட்டும், கொஞ்சம் தார் வாசனை வரும், பரவாயில்லையா?"ன்னாங்க. நீங்க மூக்கைச் சுளிப்பீங்கன்னு தெரியும். "அதெல்லாம் பரவாயில்லை"ன்னு சொல்லிட்டேன்.

நேத்து தண்ணியில இறங்கினேன். உதட்டு வெடிப்புல உப்பு பட்டு எரிஞ்சுது. ரொம்ப தூரம் போயிட்டேன் போல. திரும்பிப் பார்த்தா ஊர் மறுபடி மூட்டத்துக்குள்ள போயிடுச்சு. பயமா இல்லை. அங்கேயே மிதந்துக்கிட்டு, அடுத்த மாசம் அண்ணி இந்தக் கரையில எங்கே நிப்பாங்க, எந்தக் கல்லு மேல உக்காருவாங்க, யார்கிட்ட என்ன குறை சொல்வாங்கன்னு ஒவ்வொண்ணா யோசிச்சேன். அப்படியே தூக்கம் வந்துடுச்சு. தண்ணி மேல தூங்கினது இதுதான் முதல் தடவை. ஐஸ் ஃபேக்டரி அம்மா வந்து தோளைத் தட்டி எழுப்பினாங்க.

சாமானெல்லாம் குறைச்சுக்கிட்டு வாங்க. ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சா ஒரு வீட்டுக்குக்கூடக் காணாதுதான். இருக்கட்டும்.

தவளை


அக்டோபர் 7

தவளைக்கு,

கோடை முடிஞ்சு நல்லபடியா சமவெளிக்கு வந்து சேர்ந்தேன். வீட்டைப் பெருக்கி, கட்டிலைப் போட்டாச்சு. தெரு முழுக்க வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. கடைக்காரர் ஒரு மூட்டை கண்ணாடி சேர்த்து வச்சிருக்கார், காலையில மட்டும் போய் உக்கார்றேன். மதியம் தூங்கறேன். சாயங்காலம் நாற்காலியைத் தெருவுல போட்டு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் பார்க்கறேன். இங்கே காத்து இப்ப இதமா இருக்கு. டிசம்பர்ல வா. எண்ணெய் வாங்கி வச்சிருக்கேன்.

கிளம்பின அன்னைக்கு நான் திரும்பிப் பார்க்கலைன்னு நீ நினைச்சிருப்பே. திரும்பினா இறங்கிடுவேனோன்னு பயந்துதான் பார்க்கலை. பஸ் மேட்டுல ஏறினதும் கடல் ஒரு பக்கமா சாய்ஞ்சு, மினுக்கி, மரங்களுக்கு நடுவுல விட்டு விட்டுத் தெரிஞ்சு, அப்புறம் இல்லாமலே போச்சு. நான் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வந்தேன். முகமெல்லாம் நனைஞ்சிருக்கிறது எனக்கே தெரியலை. பக்கத்து சீட்ல ஒரு அம்மா, கையில கோழிக்கூடை. பாவம், ரொம்ப நேரம் தயங்கித் தயங்கிக் கேட்டாங்க.

"வீட்ல ஏதாவது துக்கமாம்மா?"

"இல்லைங்க."

"மகளை விட்டுட்டு வர்றீங்களா?"

"இல்லைங்க. நாத்தனாரை."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "நாத்தனாரைப் பிரிஞ்சு வர்றதுக்கா அழறீங்க?"

"ஆமாங்க"ன்னேன்.

அவங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. முடியலை, சிரிப்பு வெடிச்சு வந்துடுச்சு. எனக்கும் வந்துடுச்சு. கூடைக்குள்ள கோழியெல்லாம் மிரண்டு கத்துது, டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், ரெண்டு கிழவிங்களும் அடுத்த ஊர் வர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனோம்.

அண்ணி